வீட்டில் ஆம்பிளையள் இல்லை

1

எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள் ஒரு வீடு எடுத்துத் தந்தாள். சில்லு வைத்த வீடு, மூன்று நாள் வாடகைக்கு. மோட்டர்ஹோம் என்கிறார்கள். வானை விடக் கொஞ்சம் பெரிது, லொறியை விடச் சின்னது. உள்ளே அடுப்பு, கட்டில், கக்கூஸ், ஒரு ஆள் மட்டும் நின்று குளிக்கிற அளவுக்கு ஒரு பெட்டி. வெள்ளைக்காரர் இதில் ஏறிக் காட்டோரம் கடலோரம் போய் நிறுத்தி, நாற்காலி போட்டு வெளியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் காசு கொடுத்துப் பெட்டிக்குள் போய்ப் படுக்கிற சனம். கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூட வாங்கிலிலும் இடம்பெயர்ந்து படுத்தெழும்பிய உங்களுக்கு இதை வாசிக்கச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

“அம்மா, யூ நீட் அ பிரேக். அப்பாவுக்கும்தான்,” என்றாள் ஆரணி. எங்களுக்கு அவள் ஒருத்திதான். லூயிஷாமில் ஒரு சின்ன பிளட்டில் தனிய இருந்து வேலைக்குப் போகிறாள். எங்களோடு கதைக்கும்போது பாதி தமிழ், பாதி ஆங்கிலம். கோபம் வந்தால் முழுக்க ஆங்கிலம்.

நான் உடனே ஓம் என்றுவிட்டேன். அவளுக்கே ஆச்சரியம். காரணத்தை அவளுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். அந்த வண்டியில் டிரைவர் பக்கத்துக் கதவுகளை விட்டால், ஆட்கள் ஏறி இறங்க ஒரேயொரு கதவுதான். தட்டினால் எல்லாருக்கும் கேட்கும். எழும்பி மாடிக்குப் போக மாடி இல்லை.

நேரே சொல்லிவிடுகிறேனே. எனக்குக் கணையத்தில் நோய். மருந்து ஏற்றினால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், மாற்ற முடியாது என்று டொக்டர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. சாகப் பயமில்லை என்று வீரம் பேசமாட்டேன், பயம்தான். ஆனால் அதற்கு மேலால் ஒரு கவலை என்னைத் தின்றுகொண்டிருந்தது. நான் போன பிறகு எங்கள் வீட்டுக் கதவை யார் திறப்பது?

என் கணவர் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, யாராவது தட்டிய கதவை ஒரு தரம் கூடப் போய்த் திறந்ததில்லை. நான் கண்ணை மூடமுதல் ஒரு தரமாவது அவர் திறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

2

வண்டியை மூன்று பேருமாக ஹவுன்ஸ்லோவில் போய் எடுத்தோம். வாடகைக்கு விடுகிறவர் ஒரு பஞ்சாபிக்காரர். வாய் ஓயாத மனுசன். “அங்கிள்ஜி, ஆன்ட்டிஜி” என்று எங்களை வண்டிக்குள் ஏற்றி இருத்தி வைத்து, பாதுகாப்பைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தார். வண்டியை மூக்கு வெளிப்பக்கம் பார்க்க நிறுத்த வேண்டுமாம், அவசரமென்றால் ஒரே ஓட்டமாகக் கிளம்பிவிடலாம். திறப்பை, அதுதான் வண்டிச் சாவியை, எப்போதும் ஒரே இடத்தில் கொழுவ வேண்டும். இருட்ட முதல் திரைகளை இழுத்துவிட வேண்டும். எங்கே தங்குகிறோம் என்று சொந்தக்காரர் ஒருவருக்குச் சொல்லி வைக்க வேண்டும். பாஸ்போட், மருந்து, காசு எல்லாம் ஒரு பையில், கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

என் கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு தானே எழும்பி, பின் ஜன்னல் எந்த அளவுக்குத் திறக்கும், அதற்குள்ளால் ஒரு ஆள் இறங்கலாமா என்று பார்த்தார். பஞ்சாபிக்காரருக்கு வலு சந்தோசம்.

“அங்கிள்ஜி, இதற்கு முதல் கேம்பிங் போயிருக்கிறீர்களா?”

“நோ, நோ. ஐ ஆம் ஃப்ரொம் ஜவ்னா,” என்றார் இவர்.

அந்த மனுசனுக்கு அது விளங்கவில்லை. நானும் ஆரணியும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். பெண்கள் தனிய இருக்கிற நேரத்தில் யாராவது தட்டினால் கதவைத் திறக்க வேண்டாம், ஜன்னலால் கதையுங்கள், புருசன் உள்ளே நித்திரை கொள்கிறார் என்று சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டு, ஒரு பெட்டியைத் திறந்து பழைய சப்பாத்துச் சோடி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஆனைக்கால் அளவு சப்பாத்து. அதை வாசலில் வைக்க வேண்டுமாம். உள்ளே பெரிய ஆம்பிளை ஒருவன் இருக்கிறான் என்று நினைத்துக் கள்ளன் கிட்ட வரமாட்டானாம்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இவரைப் பார்த்தேன். இவர் அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

3

நாங்கள் படித்த பாடம் நேர்மாறு. யாழ்ப்பாணத்தில் எங்கள் இளவயதுக் காலத்தில் ஆண்களின் செருப்பு வாசலில் கிடக்கக்கூடாது. பொழுதுபட முதல் வீட்டுப் பெண்கள் அதை எடுத்து உள்ளே ஒளித்துவிடுவார்கள். கொடியில் ஆண்கள் கட்டுகிற சாரம் காயக்கூடாது. கதவு தட்டினால் ஆண்கள் எழும்பக்கூடாது, இருமக்கூடாது. வயது போன பெண் போவாள். இல்லாவிட்டால் கைக்குழந்தைக்காரி போவாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பாதி திறந்து, மிச்சப் பாதியை உடம்பால் மறைத்துக்கொண்டு, வெளியில் நிற்பது யாராக இருந்தாலும் ஒரே வசனம்தான் சொல்லுவாள். “வீட்டில ஆம்பிளையள் இல்லை.”

ஆமியோ இயக்கமோ, எந்தப் பக்கத்து ஆட்கள் என்று பார்த்துச் சொல்கிற கதையில்லை. வந்த எல்லாருமே ஆம்பிளைப் பிள்ளை தேடித்தான் வந்தார்கள்.

இவருக்கு ஒரு அண்ணை இருந்தவர். ஒரு நாள் விடியப்புறம் கதவு தட்டுப்பட்டது. தாய் அடுப்படியில் நின்றிருக்கிறா. அண்ணை பல் விளக்கக் கிணற்றடிக்குப் போக வெளிக்கிட்டவர், வாயில் பிரஷ்ஷோடு போய்த் திறந்துவிட்டார். “விசாரிச்சுப்போட்டு விடுவம்” என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். வெறுங்காலோடு போனவர். அறைக்குள் இருந்து ஜன்னல் இடுக்கால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிதான் இவர். அதற்குப் பிறகு அண்ணையைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. தாயும் தேடாத இடமில்லை.

கல்யாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து வெளிநாடு வரக் காத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தோம். அங்கே கதவு தட்டுவது பொலிஸ். எனக்கு அப்போது பிள்ளை இல்லை. பக்கத்து அறைக்காரி கதவிடுக்கால் தன்னுடைய பிள்ளையை நீட்டுவா, நான் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்த் திறப்பேன். பிறகு அவவின் கதவைத் தட்ட முதல் பிள்ளையை ஓடிப்போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் குழந்தை அழாது. யார் தூக்கினாலும் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்.

லண்டனுக்கு வந்தோம். முதலில் ஹவுன்ஸ்லோ, இவர் விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. பிறகு செவன் கிங்ஸில் சொந்த வீடு. வெளியில் இவரை நீங்கள் பார்க்க வேண்டும். சூப்பவைசரோடு சண்டை பிடிப்பார், கவுன்சிலுக்குப் போய் மேசையில் தட்டிக் கதைப்பார், அகதி வழக்கு நடந்த காலத்தில் ஒபிசர் ஒருவனுக்கே சட்டம் சொல்லிக் கொடுத்தவர். வீட்டு மணி அடித்தால் மட்டும் எழும்பி மாடிக்குப் போய்விடுவார். தபால்காரன், காஸ் மீற்றர் பார்க்கிறவன், கவுன்சில் ஆள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி யார் வந்தாலும் நான்தான் போனேன். ஆரணி பிறந்த பிறகு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். “இஸ் யுவர் ஹஸ்பண்ட் அட் ஹோம்?” என்று கேட்டால் என் வாய் தானாகவே “நோ மென் இன் த ஹவுஸ்” என்றுவிடும். அந்த மீற்றர்காரன் என்னைப் பற்றி என்ன நினைத்தானோ, கடவுளுக்குத்தான் தெரியும்!

சொந்தக்காரர் இவரைப் பகிடி பண்ணுவார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார். நான் ஒருநாளும் அதைக் குறையாக எடுக்கவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் சோறு வடிப்பார், ஒருவர் குப்பை கொண்டுபோய் வைப்பார். எங்கள் வீட்டில் நான் கதவு திறந்தேன்.

4

போன மாசிவரை அது பிரச்சினையே இல்லை. ஒரு காலை மேல்மாடியில் எனக்குத் தலை சுற்றி விழுந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. இவர் பதறிப்போய் ஆம்புலன்சுக்குப் போன் அடித்தார். நல்ல தெளிவாகத்தான் கதைத்தார், விலாசம், நோய், மருந்தின் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். அவர்களும் கெதியாக வந்துவிட்டார்கள். வந்து கதவைத் தட்டினார்கள்.

இவர் கீழே போனார். நான் மேலே கிடந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன். தட்டுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், கதவில் தபால் போடுகிற துவாரத்தால் “ஹலோ, ஆம்புலன்ஸ்” என்று கத்துகிறார்கள். சங்கிலி கழற்றுகிற சத்தம் கேட்கவில்லை.

“இஞ்சேருங்கோ, திறவுங்கோ!” என்று கத்தினேன். குரல் எழும்பவில்லை.

இருந்தபடியே ஒவ்வொரு படியாக வழுகி வழுகி இறங்கினேன். கீழே வந்தபோது இவர் கதவுக்கு முன்னால் நின்றார். கை பூட்டில் இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. என்னைக் கண்டதும் சின்னப்பிள்ளை மாதிரி விலகி வழிவிட்டார். நான் சுவரைப் பிடித்து எழும்பிக் கதவைத் திறந்தேன். “நோயாளி எங்கே?” என்று கேட்டார்கள். “நான்தான்,” என்று சொல்லிவிட்டு அவர்கள் காலடியில் விழுந்தேன்.

அதற்குப் பிறகு ஹொஸ்பிட்டலில் இருந்து ஒரு பெண் வந்து, வாசல் சுவரில் ஒரு சின்னப் பெட்டி பூட்டச் சொன்னா. அதற்குள் வீட்டுத் திறப்பு இருக்குமாம், நம்பர் தெரிந்த நேர்ஸ்மார் தாங்களே திறந்துகொண்டு வரலாமாம். அதற்கு ஒரு விண்ணப்பம், ஒரு காத்திருப்பு, பிறகு ஒரு ஆள் வந்து சுவரை அளந்தும் பார்த்தான். இவர் ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டார். “வெளியில திறப்பை வைச்சிட்டு உள்ளுக்கு மனுசர் படுக்கிறதோ?” என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஆரணி கிழமையில் பாதி நாள் எங்களோடு வந்து நிற்கத் தொடங்கினாள். ரெயின் பிடித்து, முகம் வாடி, கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு வருவாள். மகள் என்னைப் பார்க்க வருகிறாள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

5

கேம்ப் சைட் எப்பிங் காட்டின் ஓரம். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச நேர ஓட்டம்தான். ஹொஸ்பிட்டலுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று ஆரணி தேடிப் பிடித்த இடம். புல்வெளியில் வரிசையாக வண்டிகள். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் நாற்காலி, நாய், பிள்ளைகளின் சைக்கிள். எல்லாரும் கதவைப் பரக்கத் திறந்துபோட்டுவிட்டு உலாத்துகிறார்கள்.

இவர் கீழே இறங்கிக் கையைக் காட்டிக் காட்டி, ஓட்டி வந்த ஆரணியைக் கொண்டு வண்டியை மூக்கு வெளியே பார்க்க நிறுத்த வைத்தார். இது அந்தப் பஞ்சாபிக்காரர் சொன்னதற்காக இல்லை. சூப்பர்மார்க்கெட்டிலும் காரை இப்படித்தான் நிறுத்துவார். பிறகு உள்ளே வந்து, காற்றுப் போகிறதற்கென்று தரையோரம் விட்டிருந்த துவாரத்தைக் குளிக்கிற துவாயால் அடைக்கப் பார்த்தார்.

“அப்பா! அதை அடைச்சா மூச்சு முட்டிச் செத்துப்போவம். காஸ் அடுப்பு இருக்கு,” என்று ஆரணி துவாயைப் பிடுங்கினாள்.

“ஆரும் எட்டிப் பாப்பினம் பிள்ளை.”

“அதுக்குள்ளாலயோ? எலிதான் எட்டிப் பாக்கும்.”

அவள் அந்தப் பெரிய சப்பாத்தைக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது உள்ளே வந்துவிட்டது. திரும்ப வைத்தாள். திரும்பவும் உள்ளே. “வெளியில இருந்தா நனையும்,” என்றார் இவர். வானத்தில் ஒரு முகில் கிடையாது. அவள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். கன நாளைக்குப் பிறகு மூன்று பேரும் சிரித்துச் சாப்பிட்டோம். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

பின்னேரம் நான் பின் கட்டிலில் சரிந்திருந்தேன். இவர் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். ஆரணி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் தட்டுக் கேட்டது. நல்ல சத்தமான தட்டு.

நான் எழும்புவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். இவர் அடுப்பை நிற்பாட்டினார். அப்படியே நின்றார். சரி, இப்போது போவார், போகத்தானே வேணும் என்று நினைத்துக்கொண்டு நான் மூச்சைப் பிடித்திருந்தேன்.

ஆரணி எழும்பினாள். போனில் இருந்து கண்ணை முழுதாக எடுக்கக்கூட இல்லை. ஒரு கையைத் தகப்பனின் நெஞ்சில் வைத்து மெல்லப் பின்னால் தள்ளினாள். இவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தக் குளிக்கிற பெட்டிக்குள் போனார். அவள் அதன் கதவைச் சாத்தினாள். நிலத்தில் கிடந்த இவரின் செருப்பைக் காலால் சீற்றுக்கு அடியில் தள்ளினாள். பிறகு வாசல் கதவைப் பாதி திறந்து, மிச்சப் பாதியில் தான் நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு சொன்னாள்.

“ஹாய்! இட்ஸ் ஜஸ்ட் மீ அண்ட் மை மம்.”

பக்கத்து வண்டிக்காரன். எங்கள் கரண்ட் வயர் பாதையில் கிடக்கிறது, யாராவது தடக்குப்படுவார்கள் என்று சொல்ல வந்திருந்தான். அவள் நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினாள், குளிக்கிற பெட்டியில் இரண்டு தரம் தட்டினாள், இவர் வெளியே வந்து அடுப்பைத் திரும்பப் பற்ற வைத்தார். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தார்கள். கன நாளாகப் பழகிய வேலை என்று பார்த்தவுடன் எனக்கு விளங்கியது.

6

சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவப் பொதுத் தொட்டியடிக்கு ஆரணி போனபோது நானும் கூடப் போனேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டேன்.

“அப்பாவை ஒளிக்க உனக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“வாட்?”

“இண்டைக்குச் செய்தியே. அதை ஆர் காட்டித் தந்தது?”

தான் என்ன செய்தாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. “ஒருத்தரும் இல்லை அம்மா. ஐ வாஸ் ஆன் யுவர் ஹிப். எவ்ரி டைம். நீங்கள் கதவு திறக்கேக்க உங்கட நெஞ்சு அடிக்கிறது எனக்குக் கேக்கும்.”

நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன்.

“ஃபனி என்னெண்டா,” என்று அவளே தொடர்ந்தாள், “லூயிஷாமில ஆராவது தட்டினா, ‘மை பாய்பிரெண்ட் இஸ் கமிங்’ எண்டு கத்துவன். பாய்பிரெண்ட் இல்லாட்டிலும். உங்கட வீட்டில மட்டும் இப்பிடி.” சிரித்தாள். பிறகு கோப்பையைத் துடைத்துக்கொண்டே, சும்மா சொல்வது போலச் சொன்னாள். “அந்த பிளட்டை விடப்போறன் அம்மா. நோட்டீஸ் குடுத்திட்டன். வீட்டை வந்திடுறன்.”

“ஏன்?”

“ஏன் எண்டு கேக்கிறியள்? பிறகு அப்பாவுக்கு ஆர் கதவு திறக்கிறது?”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். “உனக்கு விசரோ? நான் உன்னைப் பெத்தது கதவு திறக்கிறதுக்கோ? உன்ர வயசில பிள்ளையள் உலகத்தைச் சுத்துதுகள். நீ கிழவனுக்குக் காவல் இருக்கப்போறியோ?”

“தென் ஹூ, அம்மா?” அவளும் கத்தினாள். “யூ டெல் மீ. ஹூ?” அதற்குப் பிறகு அழத் தொடங்கிவிட்டாள். ஈரக் கையோடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் அழுதது எனக்காகத்தான், அது எனக்குத் தெரியும். கதவு ஒரு சாட்டுப்போக்கு.

இவ்வளவு காலமும் இவருக்குத்தான் பாடம் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் இருந்த பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை. குண்டுச் சத்தம் கேளாத நாட்டில், நல்ல ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை, எனக்கு என்ன கவலை என்று பெருமையாக இருந்தேன். பார்த்தால் எங்கள் பயம் முழுவதையும் அவள் தன் பங்குக்கு வாங்கி வைத்திருக்கிறாள்.

7

அடுத்த நாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. இவர் முந்தியே எழும்பிப் போர்வைகளை மடித்து வைத்துவிட்டுப் பனியனோடு இருந்தார். நானும் ஆரணியும் ஒரே கட்டிலில் கிடந்தோம். கதவு தட்டுப்பட்டது.

ஆரணியின் உடம்பு எழும்பத் துடித்தது. நான் அவளின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“அம்மா, ப்ளீஸ்.”

“இரு.”

திரும்பவும் தட்டினார்கள். இவர் எங்களைப் பார்த்தார்.

“இஞ்சேரும். ஆரோ தட்டினம்.”

“கேக்குது.”

“நீர் போகேல்லையோ?”

“எனக்கு ஏலாது.”

“பிள்ளை?”

“பிள்ளை போகமாட்டா. ஆம்பிளை நீங்கள் இருக்கிறியள்.”

என் வாயால் அந்த வசனத்தை ஒருநாளும் சொன்னதில்லை. இவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் போகிறேன், இருங்கோ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றார். இந்த மனுசனை இப்படி வதைத்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது, நிம்மதியாகச் சாக ஒரு சாட்டுத்தானே தேடுகிறேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் ஆரணியின் கையை விடவில்லை. விட்டால் அவள் போய்விடுவாள். பிறகு வாழ்நாள் முழுக்க அவள்தான் போக வேண்டும்.

இவர் மெதுவாகச் சேர்ட்டை எடுத்துப் போட்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார், கழுத்துப் பொத்தானையும் பூட்டினார். சீற்றுக்கு அடியில் குனிந்து செருப்பை எடுத்துக் காலில் கொழுவினார். அண்ணை வெறுங்காலோடு போனவர் என்று சொன்னேனே. இவர் செருப்புப் போட்டதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போக ஆயத்தப்படுகிறார். பேர்ஸைத் திறந்து டிரைவிங் லைசென்ஸை வெளியில் எடுத்தார். எங்களைத் திரும்பி ஒரு தரம் பார்த்தார். விடைபெறுகிற பார்வை. ஆரணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவைத் திறந்தார். பாதி இல்லை, முழுக்க.

கேம்ப் சைட்டைப் பார்த்துக்கொள்கிற வயது போன வெள்ளைக்காரி, மழைக்கோட்டோடு நின்றா. அவ வாய் திறக்க முதல் இவர் லைசென்ஸை இரண்டு கையாலும் நீட்டினார். நேராக நின்று, ஒரே மூச்சில், ஊரில் ஆமி மறிக்கிற செக்பொயின்ரில் சொல்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒப்புவித்தார். பெயர் கனகசபை நடராஜா. பிறந்த திகதி. செவன் கிங்ஸ் வீட்டு விலாசம். வந்த காரணம் ஹொலிடே. உள்ளே மனைவி, மகள், வேறு ஒருவரும் இல்லை. நாளைக்குத் திரும்பிப் போகிறோம், சேர். பெண்ணைப் பார்த்து சேர் என்றார்.

அந்த மனுசி திகைத்துப்போனா. இவரின் தோளுக்கு மேலால் எங்களைப் பார்த்தா. என் முகத்தில் என்ன இருந்ததோ. அவ கையை மழைக்கோட்டில் துடைத்துவிட்டு லைசென்ஸை வாங்கினா, முன்பக்கமும் பின்பக்கமும் வடிவாகக் கவனித்துப் பார்த்தா, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தா.

“தாங்க் யூ, மிஸ்டர் நடராஜா. எவ்ரிதிங் இஸ் ஃபைன்,” என்றா. பிறகுதான் வந்த விசயத்தைச் சொன்னா. குழாய் திருத்தப் போகிறார்களாம், மத்தியானம் வரை இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் வராதாம், பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னா.

இவர் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திப் பூட்டினார். வந்து எங்கள் கட்டில் ஓரத்தில் இருந்தார். லைசென்ஸைப் பேர்ஸுக்குள் வைக்கப் பார்த்தார், அது போகவில்லை. ஆரணி வாங்கி வைத்தாள்.

“தண்ணி பிடிச்சு வைக்கட்டாம்,” என்றார்.

“ஓம் அப்பா. கேட்டது.”

பிறகு இவர் என்னைப் பார்த்து, நம்ப முடியாத ஒரு விசயத்தைச் சொல்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை.”

“இல்லையப்பா,” என்று நான் அவரின் தலையைப் பிடித்து என் மடியில் சாய்த்தேன். “உங்களை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகமாட்டினம். நாங்கள் மூண்டு பேரும் இஞ்சதான் இருப்பம்.”

ஆரணி இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். போகப்போகிறவள் நான் என்பது அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் ஒருவருக்கும் ஞாபகத்தில் இல்லை.